எல்லைக்கோட்டில் கை மாறிய பை

பேருந்து நிற்பதற்கு முன்பே கைகள் வந்துவிட்டன. முகங்கள் பிறகுதான். ஜன்னல் கண்ணாடியைத் தட்டும் கை, கதவுக் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடிவரும் கை, பேருந்தின் வயிற்றிலிருக்கும் டிக்கியின் பிடியில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் கை. தூசிக்குள் அத்தனை கைகளை ஒன்றாகப் பார்த்தபோது எனக்குப் பயமாக இல்லை. பழகிய இடத்துக்கு வந்ததுபோல் இருந்தது.

அது வங்கதேச எல்லை. கல்கத்தாவில் விடிந்தும் விடியாமலும் ஏறிய டாக்கா பேருந்து. இந்தப் பக்கம் பெட்ராபோல், அந்தப் பக்கம் பேனாபோல், நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டுத் தார்ச்சாலை. அவரவர் சாமானோடு இறங்கி, இங்கே ஒரு முத்திரை, அங்கே ஒரு முத்திரை வாங்கி, நடந்தே கடந்து, அதே கம்பெனியின் வேறொரு பேருந்தில் ஏற வேண்டும். அடிக்கடி போகிறவர்களுக்கு இது ரயில்வே கேட்டைத் தாண்டுகிற மாதிரி. எனக்கு அதுதான் முதல் தடவை. நாற்பத்தெட்டு வயதில் முதல் வெளிநாடு, அதுவும் பேருந்தில்.

விமானத்தில் போயிருக்கலாம். அந்தச் சொல்லை எங்கள் தையல் யூனிட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததிலேயே எல்லாருக்கும் எல்லாம் புரிந்திருந்தது.

யூனிட் வீரபாண்டியில். நானும் மச்சானும் சேர்ந்து நடத்தியது. மச்சான் என் மனைவியின் அண்ணன். உழுதுகொண்டிருந்த காட்டை விற்றுத் தையல் மெஷின் வாங்கியவர், மெஷினுக்கும் மாட்டுக்குச் சொல்வதுபோல் "ஓவ், ஓவ்" என்று சொல்லி நிறுத்துகிறவர். குழந்தைத் துணி மட்டும்தான் தைத்தோம். பிறந்த பிள்ளையிலிருந்து நடை பழகும் பிள்ளை வரைக்கும். வாங்குகிற வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றே ஒன்றுதான். அதன் ஆபீஸ் முன்பு பெங்களூரில் இருந்தது. பிறகு டாக்காவுக்குப் போய்விட்டது. ஆபீஸ் போனால் ஆர்டரும் போகும். ஆர்டர் போனால் டெய்லர்கள் போவார்கள். தண்ணீர் போகிற பக்கம்தானே மீனும் போகும் என்று ஊரில் எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள், எங்கோ தூரத்தில் யாருக்கோ நடப்பதைப்போல. ஒரு பருவம் ஆர்டர் இல்லை. அடுத்த பருவமும் இல்லை, பக்கத்து யூனிட்டுகளின் கூலித் தையலில்தான் மெஷின்கள் ஓடின. மூன்றாவதற்கு ஒரு அழைப்பு வந்தது: டாக்காவுக்கு நேரில் வாருங்கள், சாம்பிளோடு வாருங்கள், எங்கள் பெரியவர் வருகிறார், ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து எல்லாருடையதையும் பார்ப்பார், அதற்குப் பிறகு இந்தப் பருவம் முடிந்தது.

இந்த ஆர்டர் வந்தால் யூனிட் ஓடும். வராவிட்டால் சாவியை வங்கியில் கொடுக்க வேண்டும். இதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சாம்பிள்களைத் தைத்தது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் பல வருஷமாக இருக்கும் அக்கா. ஒவ்வொரு தையலையும் உள்பக்கம் திருப்பித் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். எங்காவது உறுத்தினால் பிரித்தார். "போட்டுக்கிடுத பிள்ள யாரு பெத்த பிள்ளையோ அண்ணாச்சி, மேல ஒரு நூலு குத்தப்பிடாதுல்லா," என்றார். பை கட்டி முடித்ததும் அதன் மேல் கைவைத்துக் கண்ணை மூடி அவருடைய ஆண்டவரிடம் ஏதோ முணுமுணுத்தார். மச்சான் தன் பங்குக்கு விபூதியை எடுத்து ஜிப்பின் மேல் தீற்றினார். கறுப்புப் பை. கைப்பிடியில் அடையாளத்துக்குச் சிவப்பு பனியன் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தோம். எங்கள் ஊரிலிருந்து புறப்படுகிற எல்லாப் பையிலும் இப்படி ஒரு கிழிசல் இருக்கும்.

பைக்குள் இருந்த சாம்பிள் துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பார்வைக்கு ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை, வெறும் இளமஞ்சள். போட்டோவில் கடைவீதியில் தொங்கும் எந்தத் துணியும் அப்படித்தான் இருக்கும். ஆனால் தொட்டால் ஒரு நொடி வார்த்தை மறந்துபோகும். பால் குடித்த பிள்ளையின் பிடரியைத் தொட்டதுபோல இருக்கும். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். தொட்டால் தெரியும். தொட்டால் மட்டும்தான் தெரியும்.

டிக்கி திறந்தது. சாமான்கள் தரையில் சரிந்தன. கைகள் அவற்றின் மேல் விழுந்தன. ஒரு பெட்டிக்கு நான்கு பேர். ஒரு ட்ரங்குப் பெட்டியின் இரு காதுகளையும் இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுக்க, நடுவில் அதன் சொந்தக்காரர் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டார். எனக்கு முன்னிருக்கையில் வந்த கல்கத்தாப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், டாக்காவில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்கப் போகிறவர், தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுகையில் குடையை வாளாக நீட்டினார்.

"தொடு பார்க்கலாம். தொட்டுப் பார். உன் அம்மாவுக்கு வயிற்றில் வலித்த நாளை நினைத்து அழுவாய்."

"மாஸி, கனமாக இருக்கும் மாஸி. உங்கள் வயதுக்கு..."

"என் வயதைத் தூக்க உன்னைக் கூப்பிட்டேனா?"

அவர்கள் சிரித்தார்கள். அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்கள். அடுத்தவர் நான்.

என் வயதுள்ள ஆள். கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, முன்பல் ஒன்று இல்லை, வெற்றிலை போட்ட உதடு. "தாதா, தாதா," என்றபடி வந்தார். எங்கள் ஊரில் அப்படி அழைத்தால் அடிதடிக்காரன் என்று பொருள், அங்கே அண்ணன். நான் பையின் கைப்பிடியை இறுகத்தான் பிடித்திருந்தேன். அவர் இழுக்கவில்லை. குனிந்து, உள்ளங்கையை விரித்து, பையின் முதுகில் தட்டினார். தட், தட். இரண்டு தட்டு.

என் விரல்கள் விட்டுவிட்டன.

ஏன் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல முடியும். பதினேழு வயதில் நான் வேலைக்குச் சேர்ந்தது எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பனியன் கடையில். தினமும் லாரி ஆபீஸுக்குப் பண்டல் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. லாரி ஆபீஸில் ஒரு நியாயம் உண்டு, எங்கும் எழுதி ஒட்டாத நியாயம். லோடுமேன் வந்து பண்டலின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் அந்த நிமிஷம் முதல் பண்டல் அவர் பொறுப்பு. நீ கையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டு நின்றால், "ஏனுங்க தம்பி, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி அடியைவிட மோசம். முதலாளிகளே கையை எடுத்துவிடுவார்கள். தட்டிய பண்டல் காணாமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. மழையில் நனையாது, மாறிப்போகாது, டெல்லியானாலும் கல்கத்தாவானாலும் போய்ச் சேரும். முப்பது வருஷமாக அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால் என் விரல்கள் தாமாக விரிந்துகொள்ளும். மூளையைக் கேட்காது. மனசைக் கேட்காது. உறங்கும் பிள்ளையின் கை விரிவதுபோல விரிந்துவிடும்.

அவர் வெறுமனே பையில் இருந்த தூசியைத் தட்டியிருக்கலாம்.

பை அவர் தலைக்கு ஏறியது. பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் இந்தியில் கேட்டார். என் இந்தி, யூனிட்டில் பீகார்ப் பையன்களிடம் பீஸ் எண்ணச் சொல்லிப் பழகியது.

"பை எங்கே?"

"அந்த ஆள் எடுத்துப் போகிறார்."

"எந்த ஆள்?"

"சிவப்புத் துண்டு."

அவர் குடையின் நுனியால் கூட்டத்தை ஒரு சுற்றுக் காட்டினார். எங்கே பார்த்தாலும் சிவப்புத் துண்டு. தலையில் கட்டியது, தோளில் போட்டது, இடுப்பில் சுற்றியது. "இதில் எந்த மாப்பிள்ளை உன்னுடையவன்?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்கு இன்னும் சிரிப்பு இருந்தது.

வரிசை நகர்ந்தது. ஆள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தார். முத்திரை வாங்கி வெளியே வந்தபோது எல்லைக்கோட்டருகே காத்திருந்தார். அதற்கு மேல் அவர் வர முடியாது. அந்தப் பக்கத்து ஆள் கோட்டுக்கு அப்பால் நின்றிருந்தார். பை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறியது. இவர் கைநீட்டினார், கேட்டதைக் கொடுத்தேன். இன்னும் கேட்டார், இன்னும் கொடுத்தேன். போதாதென்று முகத்தைச் சுளித்தார், பிறகு நெஞ்சில் கைவைத்து, "கவலை வேண்டாம் தாதா, அவன் நம் ஆள்தான்," என்றார்.

நான் கவலைப்படவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. எங்கள் ஊரில் எந்தத் துணியும் ஒரே கையில் இருந்ததில்லை. நூல் ஒருவர் கையில், பின்னுவது இன்னொருவர், சாயம் போடுவது வேறொருவர், வெட்டுவது, தைப்பது, பிசிறு வெட்டுவது, இஸ்திரி போடுவது எல்லாம் வேறு வேறு கை, வேறு வேறு தெரு. நம் துணி எந்த வண்டியில் எந்தச் சந்தில் போகிறது என்று தெரியாமலேதான் இரவு தூங்குகிறோம். காலையில் அது வந்து சேர்ந்திருக்கும். கை மாறுவதுதான் எங்கள் ஊரின் மூச்சு. மாறாமல் ஒரே இடத்தில் கிடந்தால்தான் எங்களுக்குப் பதற்றம் வரும். பை கை மாறியபோது எனக்குள் எதுவும் அதிரவில்லை. கோட்டைத் தாண்டினேன். வானம் அதே வானம். ஒரு காக்கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது.

அந்தப் பக்கத்து ஆள் பையை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினார். அதில் ஏற்கெனவே நிறையப் பைகள் இருந்தன. நீங்கள் உள்ளே போய் முத்திரை வாங்கி வாருங்கள், நான் வெளியே நிற்கிறேன் என்று சைகை காட்டினார். உள்ளே போனேன். விசிறியின் கீழே வரிசை. முன்னால் நின்றவரின் சட்டைக் காலருக்குக் கீழே வியர்வை ஒரு தீவைப்போல் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முத்திரை விழுந்தது. வெளியே வந்தேன்.

தள்ளுவண்டி இல்லை.

தள்ளுவண்டிகள் இருந்தன. அந்தத் தள்ளுவண்டி இல்லை. அந்த ஆள் இல்லை. அந்த ஆளைப் போலவே பலர் இருந்தார்கள். நான் நின்று சுற்றிலும் பார்த்ததைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. தொலைத்தவனின் நிற்கும் விதம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல. வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"கறுப்புப் பையா தாதா? சிவப்பு நாடாவா? பார்த்தேன், பார்த்தேன். வாருங்கள்."

"அவனை நம்பாதீர்கள், அவன் இப்போதுதான் வந்தான். நான் பார்த்தேன்."

"இவனுக்குக் கண் பாதிதான் தெரியும் தாதா. என்னோடு வாருங்கள்."

ஒருவர் என் முழங்கையைப் பிடித்தார். இன்னொருவர் மறு முழங்கை. பை இல்லாததால் என்னையே சாமானாக எடுத்துக்கொண்டார்கள். கடைகளுக்குப் பின்னால், பழக்கூடைகளுக்கு நடுவே, ஒரு கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கறுப்புப் பை இருந்தது. என்னுடையதல்ல. "இது இல்லை," என்றேன். "நன்றாகப் பாருங்கள்," என்றார் அவர், பை சொந்தக்காரனைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்பதுபோல. அங்கிருந்து இன்னொரு கொட்டகை. எல்லாருமே என் பைக்காகக் கூவினார்கள், ஒருவரையொருவர் திட்டினார்கள், எல்லாருமே கைநீட்டினார்கள். அவர்களில் யாராவது திருடினார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ஒரு நாளில் பத்துப் பேருந்து வருகிற இடத்தில் நூறு பேர் பிழைக்க வேண்டியிருந்தால் இப்படித்தான் இருக்கும். எங்கள் யூனிட் கேட்டில் வேலை கேட்டு நிற்பவர்களின் முகமும் இதே முகம்தான். நாளைக்கு என் முகமும்.

பேருந்து ஹாரன் அடித்தது. பேருந்துக் கம்பெனி கவுன்டரில் இருந்தவர் யாரிடமோ போன் பேசிவிட்டு, முன்னால் போன பேருந்தில் உங்கள் பையை ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, டாக்கா கவுன்டரில் கிடைக்கும், ஏறுங்கள் என்றார். "போலிருக்கிறது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பெண்மணி ஜன்னலிலிருந்து குடையால் கண்ணாடியைத் தட்டினார். "ஏறு! நீயும் தொலைந்தால் உன்னைத் தேட யார் வருவார்கள்?"

ஏறினேன்.

வழியெல்லாம் தண்ணீர். வயலுக்கு நடுவே தண்ணீர், ஊருக்கு நடுவே தண்ணீர், பிறகு கரை தெரியாத ஆறு, அதன் மேல் நீளமான பாலம். எங்கள் நொய்யலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆறு என்றால் சாயம். ஊதாவாக ஒருநாள் ஓடும், சிவப்பாக ஒருநாள் ஓடும், ஓடாமலும் கிடக்கும். இங்கே ஆறு ஆறாகவே இருந்தது. பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது, கண் உள்ளே போகவில்லை. மடியில் இரண்டு கைகள் கிடந்தன. இந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதபோது கைகள் எவ்வளவு பெரிதாகிவிடுகின்றன. பெண்மணி ஒரு ஆரஞ்சை உரித்து என் கையில் வைத்தார். "பிடி. எதையாவது பிடி."

டாக்காவை நெருங்கும்போது சாயங்காலம். சாலையின் இருபுறமும் பெண்கள் நடந்து வந்தார்கள். நூற்றுக்கணக்கில். கையில் தூக்குப் பாத்திரம், தோளில் துப்பட்டா, கழுத்தில் கம்பெனி அட்டை. ஷிப்ட் விட்ட நேரம். மாடி மாடியாக விளக்கெரியும் கட்டிடங்களிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஓவர்லாக் மெஷின் கடைசித் துணியைக் கடித்து நூலை அறுக்கும் சத்தம். கண்ணை மூடினால் வீரபாண்டி.

டாக்கா கவுன்டரில் பை இல்லை.

முன்னால் வந்த பேருந்தில் அது ஏறவே இல்லையாம். வேறு ஊர் பேருந்தில் ஏறியிருக்கலாம். குல்னாவாக இருக்கலாம், பரிசாலாக இருக்கலாம். விசாரிக்கிறோம் என்றார்கள். நல்ல மனிதர்கள். நாற்காலி போட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். பெண்மணியின் தங்கை அழைத்துப்போக வந்திருந்தார். பெண்மணி போகும்போது கவுன்டர்க்காரரைக் குடையால் சுட்டி, "இவனுடைய பையைத் தராவிட்டால் திரும்பும்போது உன் கண்ணாடியை உடைப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாட்டில் எனக்காகச் சண்டை போட்ட ஒரே ஆள். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை நான் வெறுங்கையோடு அந்த ஆபீஸுக்குப் போனேன்.

நீளமான மேஜை. அதன் மேல் குழந்தைத் துணிகள். எங்கெங்கிருந்தோ வந்தவை, ஒவ்வொன்றின் அருகிலும் அதைக் கொண்டுவந்தவர் நின்றிருந்தார், கல்யாணச் சந்தையில் பெண்ணருகில் நிற்கும் தகப்பனைப்போல. வெள்ளைக்காரப் பெரியவர் ஒவ்வொரு துணியாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்த்தார். சிலதைப் பிரித்து உள்பக்கம் தடவினார். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு விரல்களுக்காகத்தான் எங்கள் அக்கா தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டார்.

அந்த ஆபீஸில் எங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பெண் டாக்காக்காரர், என் மகள் வயது. போனில் மட்டுமே பேசியிருந்தோம். என்னைத் தனியே அழைத்துப்போய் நடந்ததைக் கேட்டார். நான் போனிலிருந்த போட்டோக்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாக விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மரியாதைக்காகப் பார்த்தார்.

"சார், அழகாக இருக்கிறது. ஆனால் அவர் தொட்டுப் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். நாளைக்கு வந்துவிடும். நாளை மறுநாளாவது..."

"இன்று மதியம் அவருக்குப் பிளைட்."

உள்ளே போய் அவரிடம் பேசினார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் என் பக்கம் திரும்பி, வருத்தமாகத் தலையசைத்து, கையை லேசாக உயர்த்தினார். அவ்வளவுதான். யாரும் என்னை விரட்டவில்லை. பிஸ்கட் தட்டு ஒன்று என் முன்னால் வந்தது. நான் கிளம்பும் வரைக்கும் அது நிறைந்தே இருந்தது.

வெளியே வந்து, ஒரு மின்கம்பத்தின் நிழலில் நின்று, மச்சானைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அதற்குள் அவரே கூப்பிட்டார்.

"ஏனுங்க மாப்ள, காத்தாலருந்து கூப்புட்டுட்டே இருக்கறன். டவரு இல்லீங்களா?"

"இருக்குதுங்க மச்சா."

"பாத்தாங்களா? கைல எடுத்துத் தொட்டுப் பாத்தாங்களா?"

"பையி வந்து சேரலீங்க மச்சா."

"எங்க போச்சுங்க?"

"பார்டர்லயே கை மாறிப் போச்சுங்க. லோடு எறக்கற ஆளுக... எதோ ஒரு பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டாங்க."

அவர் பக்கத்திலிருந்து மெஷின் சத்தம் வந்தது. யாரோ யாரையோ பாபின் கேட்டுக் கூப்பிட்டார்கள். மச்சான் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"சாப்புட்டீங்களா?"

"இல்லீங்க."

"மொதல்ல சாப்புடுங்க. அங்க சோறு கெடைக்குமுங்களா?"

"சோறுந்தானுங்க. எங்க பாத்தாலும் சோறும் மீனும்."

"நீங்கதான் மீனு திங்கமாட்டீங்களே."

அவ்வளவு நேரம் வராதது அப்போது வந்தது. போனைக் கன்னத்திலிருந்து எடுத்து நெஞ்சில் அழுத்திக்கொண்டேன். "அலோ, அலோ," என்று அவர் என் சட்டைப்பைக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பை கிடைத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் திரும்பும் பேருந்துக்காகக் காத்திருந்தபோது கவுன்டர்க்காரர் உற்சாகமாகத் தூக்கிக்கொண்டு வந்தார், குல்னாவரைக்கும் போய்ச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது சார், ஒரு நூல்கூடக் குறையவில்லை பாருங்கள் என்று. திறந்து பார்த்தேன். மடித்தது மடித்தபடி இருந்தது. மச்சான் தீற்றிய விபூதிகூடக் கொஞ்சம் இருந்தது. அவருக்கு நன்றி சொன்னேன். அவர் என் முகத்தில் எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தார், அது வரவில்லை என்றதும் தானே சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும் வழியில் எல்லையில் அதே கைகள். நான் பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஒருவர் வந்தார், தள்ளினேன். இன்னொருவர் கைப்பிடியைத் தொட்டார். தமிழில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, வீட்டில் ஒருநாளும் பேசாத சொற்கள். எல்லாரும் நின்று பார்த்தார்கள். கைப்பிடியைத் தொட்டவர் வயதானவர், இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். பக்கத்திலிருந்தவரிடம் என்னவோ சொன்னார். அது எனக்குப் புரிந்தது: உள்ளே தங்கம் வைத்திருக்கிறான் போல.

நான் அந்தத் துண்டுச் சாலையில் தனியாக நடந்தேன். பை கனத்தது. போகும்போது எவ்வளவு கனமென்று தெரிந்துகொள்ளவே இல்லை. யாருக்கும் இனி வேண்டாத துணியை யாரும் பறித்துவிடாமல் காத்துக்கொண்டு நடந்தேன். நடுவில் ஓரிடத்தில் அதை அப்படியே சாலையில் வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. வைத்தால் உடனே யாராவது ஓடிவந்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துக் கைநீட்டுவார்கள். அந்த இடத்தில் எதையும் தொலைப்பதற்குக்கூடச் சுதந்திரம் கிடையாது.

ரயிலில் ஊர் வந்து, ஸ்டேஷனிலிருந்து டவுன் பஸ் பிடித்து, விடிகாலையில் நேராக யூனிட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. மச்சான் ஏற்கெனவே அங்கே இருந்தார். மெஷின்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், லைட் போடாமல். வங்கியிலிருந்து முந்தின நாள் ஆள் வந்து போயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, பையை வாங்கிக் கட்டிங் மேஜை மேல் வைத்தார். திறக்கவில்லை.

"ஊரு எப்படிங்க மாப்ள? நல்ல ஊருங்களா?"

"நம்மூரு மாதிரியேதானுங்க மச்சா. மெசின் சத்தம் அப்படியே இருக்குது."

"ஓடுதுங்களா எல்லாம்?"

"ஓடுதுங்க. மாடி மாடியா ஓடுது."

"ம். எங்கியோ ஓடுனாச் சரி." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "டெய்லருககிட்டச் சொல்லோணுமுங்க. இன்னிக்கே சொல்லீரோணும், வேற எடம் பாத்துக்குவாங்க. நீங்க சொல்றீங்களா, நாஞ்சொல்லட்டுங்களா?"

"நாஞ்சொல்றனுங்க."

"வேண்டாம். நீங்க இப்பத்தான் வந்தீங்க. முகங்கழுவுங்க."

"இல்லீங்க மச்சா, நான்..."

"சொன்னாக் கேளுங்க மாப்ள."

கேட்டில் கம்பெனி வேன் வந்து நின்றது. கதவு இழுபடும் சத்தம், செருப்புச் சத்தம், யாரோ சிரித்தது, யாருடைய டிபன் பாக்ஸோ கீழே விழுந்து உருண்டது. மச்சான் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். நான் உள்ளேயே நின்றுவிட்டேன்.

"எல்லாருங் கொஞ்சம் அப்படியே உக்காருங்க. இன்னிக்கு மெசினு போட வேண்டாமுங்க."

பிறகு தூத்துக்குடி அக்காவின் குரல்.

"ஏன் அண்ணாச்சி, கரண்டு இல்லியா?"

"கரண்டு இருக்குதுங்க," என்றார் மச்சான்.